ஆடு தின்ற மாமனார்

“கட்டு அவிழ்த்தவுடனை நான் முதல் பாக்கிறது அப்புவின்ரை முகமாத்தான் இருக்கவேணும். இப்பவே சொல்லிப்போட்டன்!”

கட்டிலில் சாய்ந்திருந்த ஞானாம்பிகை இப்படிச் சொன்னதும், மனைவிக்குப் புட்டு ஊட்டிக்கொண்டிருந்த மார்க்கண்டருக்குக் குறி தவறிவிட்டது. வாய்க்குப் போகவேண்டிய புட்டு மூக்குக்குப் போனது.

“என்னப்பா, கண் தெரியாதது எனக்கோ உங்களுக்கோ?”

அன்று காலைதான் ஞானாம்பிகைக்கு வலக்கண்ணில் வெண்புரை எடுத்திருந்தார்கள். இடக்கண்ணிலும் வெள்ளைதான், அதன் முறை பிறகு. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தலையில் வார்க்கக்கூடாது, அடுப்புப் புகை படக்கூடாது, கண்ணைக் கசக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நாளைக் காலை கட்டை எடுத்துவிட்டு மருந்து விடவேண்டும். கொக்குவில் முழுவதும் தேடினாலும் இப்படி ஒரு தாதி கிடைக்காது என்னும்படி மார்க்கண்டர் ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் இந்த அப்புவின் பேச்சு வரும்வரைதான்.

ஞானாம்பிகை கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பன் காலமாகிவிட்டார். அப்பு என்றால் அவருக்கு விறாந்தைச் சுவரில் தொங்கிய படம்தான். விடிய எழும்பி அதில் முழிப்பார், பொட்டு வைப்பார், பிள்ளைகளின் சோதனை மறுமொழி வந்தால் முதலில் அதற்குத்தான் சொல்வார். கண் மங்கத் தொடங்கிய பிறகும் தடவித் தடவிப் பொட்டு வைத்தார்.

மார்க்கண்டர் செய்த வேலையைக் கேளுங்கள். போன மாரியில் சட்டத்துக்குள் ஈரம் போய்விட்டது என்று படத்தைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, முற்றத்து வெயிலில் காயவைத்தார். பல்லுத் தீட்டிவிட்டு வருவதற்குள் பக்கத்து வளவு ஆடு மாமனாரைக் கழுத்துவரை தின்றுவிட்டது. மிஞ்சியது சால்வையும் கதிரைக் காலும்தான். மனுசன் என்ன செய்வார்? சட்டம் மாற்றக் கொடுக்கிறேன் என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு, நெல்லியடியில் ஒரு பழைய ஸ்ரூடியோவுக்கு ஓடினார். யாரும் எடுக்க வராத படங்கள் அங்கே ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. முறுக்கு மீசையும் சால்வையுமாக ஒருவரைத் தெரிந்தெடுத்து, பொழுதுபட முன்னர் கொண்டுவந்து மாட்டினார். ஞானாம்பிகையின் மங்கல் கண்ணுக்கு அவரும் அப்புவாகத்தான் தெரிந்தார்.

நாளைக்கு? ஏச்சுக்கு மார்க்கண்டர் பயப்படவில்லை. அது கலியாணம் முடித்த நாள் முதல் கேட்டுப் பழகியது. ஆனால், முன்பின் தெரியாத ஒருவரைத் தகப்பன் என்று கும்பிட்டோம் என்று அறிந்தால் ஞானம் உடைந்துபோவாரே! அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

முதலில் சந்தனத்தை எடுத்தார். நெற்றிப் பொட்டு கன்னம்வரை வந்துவிட்டது. போதாதென்று நந்தியாவட்டைப் பூவில் மாலை கட்டி, மீசை மட்டும் தெரியும்படி போட்டுவிட்டார்.

சந்தன வாசம் அறைக்குள் போனது.

“இஞ்சாருங்கோ, அப்புவுக்கு மாலை போட்டனீங்களே? நான் கேக்காமலே?” ஞானாம்பிகை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அக்காவுக்குச் சொல்லவேணும். நம்பரை அமத்தித் தாங்கோ.”

பாவி மனுசன் தன் கையாலேயே அமத்திக் கொடுத்தார். கரவெட்டியில் இருக்கும் அக்கா தையல்நாயகி, நாளை முதல் பஸ்ஸிலேயே வருவதாகச் சொன்னார். தகப்பன் சாகும்போது அவருக்குப் பத்து வயது. அப்புவின் முகத்தை நேரில் கண்டவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். மார்க்கண்டர் கட்டிலடிக்கு ஓடிவந்தார்.

“ஞானம், டொக்டர் ஒண்டு சொன்னவர், நான் மறந்துபோனன். அண்ணாந்து பாக்கக்கூடாதாம். படம் உயரத்திலை எல்லே இருக்கு? ஒரு மாதம் கழிச்சுப் பாப்பம்.”

“அதுக்கென்ன? கழட்டிக்கொண்டுவந்து என்ரை பக்கத்திலை வையுங்கோவன்.”

விறாந்தைச் சுவரில் எட்டத்தில் இருந்தவர் இப்போது கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து குந்திக்கொண்டார்.

பின்னேரம் மார்க்கண்டர் படத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

“கை தவறிப்போச்சு ஞானம். கண்ணாடி வெடிச்சிட்டுது. கடையிலை குடுத்திட்டன். வரக் கனநாள் செல்லுமாம்.”

ஞானாம்பிகையின் உதடு துடித்தது. “அப்பு வீட்டிலை இல்லாமல் நான் ஒருநாளும் படுத்ததில்லையே… இடம்பெயரேக்கையும் நெஞ்சோடை அணைச்சுக்கொண்டெல்லே போனனான்…”

“ஐயோ, அழாதையும்! கண் பழுதாப்போகும்! கசக்காதையும், கையை எடும்!”

“அப்புவைப் பாக்காத கண் எனக்கென்னத்துக்கு?”

மார்க்கண்டர் சமையலறைக்கு ஓடினார். போன வேகத்தில் படத்தோடு வந்தார்.

“கடைக்காரன் நல்ல மனுசன். உடனை செய்து தந்திட்டான்.”

“இவ்வளவு கெதியாவோ?”

“உம்மடை ஒப்பரேசனும் கெதியாத்தானே முடிஞ்சது!”

ஞானாம்பிகை படத்தை வாங்கி அணைத்துக்கொண்டு நிம்மதியாக நித்திரையானார். மார்க்கண்டருக்கு நித்திரை ஏது?

விடிந்ததும் விடியாததுமாகத் தையல்நாயகி, கையில் மால்ற் பேணியும் பிஸ்கட் பெட்டியுமாக வந்து இறங்கினார். படலையிலேயே மறித்து, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம் அக்கா” என்று மார்க்கண்டர் சொன்னது எடுபடவில்லை. நேரே அறைக்குள் போய்விட்டார்.

வேறு வழியில்லை. மார்க்கண்டர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கட்டைப் பதமாக எடுத்து, மருந்தை விட்டார். ஞானாம்பிகை மெல்லக் கண்ணைத் திறந்தார். படத்திலிருந்த மாலையை விலக்கி, சந்தனத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மார்க்கண்டர் முருகனைக் கூப்பிட்டார், பிள்ளையாரையும் விடவில்லை.

“அப்பு!” என்றார் ஞானாம்பிகை. “இவ்வளவு வடிவே நீங்கள்? கண் மங்கி மங்கி உங்கடை முகத்தையே மறந்துபோனனே! அக்கா, என்ரை மூக்கு அப்பிடியே அப்புவின்ரை மூக்கெல்லே?”

தையல்நாயகி படத்தைக் கையில் வாங்கினார். நிமிர்ந்து மார்க்கண்டரைப் பார்த்தார். மார்க்கண்டர் கும்பிட்ட கையோடு நின்றார்.

“ஓமடி,” என்றார் தையல்நாயகி. “உரிச்சுப் படைச்ச மூக்கு.”

தேத்தண்ணி போடுகிற சாட்டில் மார்க்கண்டர் அவரைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மார்க்கண்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீங்கள் தெய்வம் அக்கா. உது அப்பு இல்லையெண்டு கண்டும் என்னைக் காட்டிக்குடுக்கேல்லை. உங்களுக்கு உள்ளதைச் சொல்லுறன். அப்புவை ஆடு திண்டிட்டுது. அவ மனம் உடையக்கூடாதெண்டுதான் நான்…”

தையல்நாயகி வாசற்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“ஆடு திண்டதும் அப்பு இல்லைத் தம்பி. அப்பு சாகுமட்டும் படமெடுக்க நிண்டதில்லை. கைப்பிள்ளைக்குக் காட்ட ஒரு முகம் வேணுமெண்டு அம்மா எங்கையோ வாங்கி மாட்டினது அது.”