வாயால் கயிறு இழுப்பவர்

மனிதர்களில் வாயால் கயிறு இழுப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பந்தல் போடும் இடத்தில் கழுத்து நரம்பு புடைக்க "தூக்கு, தூக்கு" என்று கத்துபவர், அலமாரி நகர்த்தும்போது ஒரு விரலை மட்டும் அதன்மேல் வைத்துக்கொண்டு மற்ற நாலு பேருக்கும் மூச்சு விடும் முறை சொல்லிக்கொடுப்பவர், வேலை முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் துண்டை எடுத்து முகம் துடைப்பவர். அந்த வேர்வை எங்கிருந்து வந்தது? நாற்பது வருடம் நர்ஸாக இருந்த எனக்கே விளங்கவில்லை.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை நான் கண்டது குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை வீட்டில். பெயர் சிலுவை, வயது அறுபத்தெட்டு. வலது முழங்காலில் மூட்டு மாற்றி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய்க் காலை மடக்க வைப்பதுதான் என் வேலை. டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: ஆறாவது வாரம் அளக்கும்போது முழங்கால் தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டும், மடங்காவிட்டால் மறுபடி மயக்க மருந்து கொடுத்து அவரே மடக்குவார். நான் போன அன்று மடங்கியது அறுபது.

சிலுவையின் கவலையோ வேறு. மகன் அனீஷ் டெக்சாஸில் இருக்கிறான்; அவன் பழக்கிவிட்டதில் இவருக்கு அமெரிக்கக் கால்பந்து என்றால் உயிர். பெயர்தான் கால்பந்து. தலைக்கவசம் மாட்டிய ஆசாமிகள் நீள உருண்டைப் பந்து ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட, மற்றவர்கள் விழுந்து அமுக்குவார்கள். அங்கே திங்கள் இரவு நடக்கிற ஆட்டம் நமக்குச் செவ்வாய் காலையில் வரும். சிலுவை கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருப்பார். மடியில் புட்டும் பயறும். பக்கத்து நாற்காலியில் நண்பர் முருகதாஸ், கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர்.

"பாத்தியா முருகதாசு, பந்து அந்தப் பக்கம் போவுது, இந்தக் கடைசியில நிக்கவன் நடக்கான். பந்து தனக்கிட்ட வராதாம், அதனால நடக்கானாம். நாளைக்கு அவனுக்க கோச்சு இந்த ஆட்டத்துக்க படத்தப் போட்டு, எல்லாருக்க முன்னாலயும் நிறுத்திக் கேப்பாரு. படம் பொய் சொல்லாது, கேட்டியா."

"கேட்டா அவன் என்ன சொல்லுவான்?"

"தப்பு எனக்கதுதான்னு சொல்லணும். சொன்னாத்தான் டீமு. இல்லேண்ணா வெறும் கூட்டம்." இதைச் சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏட்டி லிஜா, அந்தத் தண்ணிய இங்க எடு" என்பார். தண்ணீர் அவர் முழங்கைக்கு அரையடி தூரத்தில் இருக்கும். மகள் வந்து எடுத்துக் கொடுப்பாள்.

அவர் செய்ய வேண்டிய பயிற்சி எளிது. பாதத்தில் ஒரு துண்டை மாட்டி, இரண்டு கையாலும் இழுத்து, குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி முழங்காலை மடக்க வேண்டும். இருபது தடவை, நாளைக்கு மூன்று வேளை. துண்டு கைக்கு வந்ததும் அவருக்குக் கரைமடி ஞாபகம் வந்துவிட்டது. கடலில் வளைத்துவிட்ட வலையை இரண்டு வரிசையாக ஆள்கள் நின்று கயிறு பிடித்துக் கரைக்கு இழுப்பார்களே, அதில் பாட்டு எடுத்துக் கொடுப்பவராக இருந்தவராம் இவர்.

"எண்ணுகது எனக்குச் சரிவராது சிஸ்டரே. நான் ஏலேலோ போடுகேன். ஒரு ஏலேலோவுக்கு ஒரு இழுப்பு."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. எங்கே நின்றாலும் கேட்குமே. கேட்டது, தெரு முழுக்கக் கேட்டது. லிஜா மீன் கழுவிக்கொண்டே கேட்டு நிம்மதியானாள். பக்கத்து வீட்டு சபிதா மதிலுக்கு மேலே எட்டி, "ஆபரேஷன் பண்ணுன ஆளுக்கு என்னா தெம்பு" என்றாள். நான் நோட்டில் இருபது, இருபது என்று எழுதினேன்.

இரண்டு வாரம் ஏலேலோ. முழங்கால்? அறுபத்தைந்து.

நான் வீக்கத்தைக் குறை சொன்னேன். லிஜா மாத்திரையைக் குறை சொன்னாள். சிலுவை டாக்டரைக் குறை சொன்னார். கையில் மிச்சம் இருந்தது இரண்டே வாரம்.

அப்போதுதான் அனீஷ், அப்பா பயிற்சி செய்வதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். லிஜா மறுநாள் அலமாரி மேல் போனைச் சாய்த்து வைத்துப் படம் பிடித்தாள். அதைச் செவ்வாய்க்கிழமை ஆட்டத்தின் இடைவேளையில் டிவியில் போடச் சொன்னது சிலுவையேதான். "முருகதாசும் பாக்கட்டு."

பார்த்தோம். முதல் மூன்று இழுப்பு, குறையே சொல்ல முடியாது. பிறகு திரையில் நான் எழுந்து அடுக்களைக்குப் போகிறேன். ஏலேலோ இன்னும் உரத்து எழுகிறது. துண்டு தொய்கிறது. கால், விருந்துக்கு வந்த சம்பந்தி போல, அசையாமல் கிடக்கிறது. ஏழாவது ஏலேலோவுக்குச் சிலுவை தலையணைக்கடியில் கைவிட்டு நேந்திரங்காய்ச் சிப்ஸ் எடுக்கிறார். எட்டாவது ஏலேலோ வாய் நிறைந்து வருகிறது.

முருகதாஸ் மெல்லச் சொன்னார். "லிஜா மக்களே, அந்த இடத்த இன்னொருக்கா போடு."

மூன்று தடவை போட்டாள்.

"சிலுவை, உனக்கிட்டயும் பந்து வராதுன்னு நின்னியா?"

"போனு வச்ச இடம் சரியில்ல."

"படம் பொய் சொல்லாதுன்னு ஆரு சொன்னா?"

"இப்ப கோச்சு என்ன கேப்பாரு அப்பா?" என்றாள் லிஜா.

சிலுவை காலைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். "தப்பு எனக்கதுதான்" என்றார். நான் உள்ளுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குள் அவர் விரலை நீட்டினார். "படம் முழுசா பாக்கணும்லா. அந்தா, வாசலுக்கு அந்தப் பக்கம், அடுக்களையில முக்காலி போட்டுக் கட்டன் சாயா குடிக்கது ஆரு?"

நான்தான். மடியில் நோட்டு. கட்டிலில் பதினாலாவது ஏலேலோ ஓடும்போதே இருபது என்று எழுதி நோட்டை மூடிவிட்டேன்.

என்ன சொல்வது? "தப்பு எனக்கதுதான்" என்றேன். சாயா டம்ளரை லிஜாவிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலின் காலடியில் போய் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து பாட்டு கிடையாது. அவர் இழுப்பார், என் கை குதிகாலில் இருக்கும், நான் எண்ணுவேன். மடங்காத மடக்கை எண்ண மாட்டேன். சிலுவை தெரிந்த புனிதர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. முருகதாஸ் தினமும் வந்து சிப்ஸைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதுவும் ஒரு வேலைதான் என்றார்.

ஆறாவது வாரம் டாக்டர் அளந்தார். தொண்ணூற்றிரண்டு. மயக்க மருந்து வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் சிலுவை முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதல்முறையாக அங்கே உண்மையிலேயே வேர்வை இருந்தது. காரில் ஏறியவர் உடனே டிரைவருக்குக் கியர் மாற்றும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு இரண்டு மூன்று முகங்கள் நினைவுக்கு வந்திருக்கும்; அவர்களில் யாருக்கு இதை முதலில் அனுப்பலாம் என்றும் யோசித்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் எழுந்து, உங்கள் வீட்டு அலமாரி மேல் ஏதாவது போன் சாய்த்து வைத்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள். நீங்களே எழுந்து பாருங்கள்.