நின்றுபோன கல்யாணத்துக்குப் பாதிக் கூலி

கல்யாணம் நின்றுபோன வீட்டில் போய்க் காசு கேட்க ஒரு தனி தைரியம் வேண்டும். எனக்கு அது கிடையாது. இல்லாமலேயே போனேன்.

அறுபதுகளில் பம்பாயில், மாட்டுங்கா லாட்ஜ் ஒன்றில் தங்கி, வாடகைக் காமிராவில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். (பிழைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.) செம்பூர் கல்யாணம் ஒன்றுக்காக, அதே முகூர்த்தத்தில் வந்த இன்னொன்றை விட்டுவிட்டேன். கடைசி நேரத்தில் தகவல் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஸ்கூட்டர் கேட்டார்களாம். பெண்ணே கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாளாம்.

"பாதிக் கூலி கேளு. பாம்பேல வெட்கப்பட்டா பட்டினிதான்," என்றான் அறைத்தோழன் மணி. அவனுக்கென்ன, மாதச் சம்பளக்காரன்.

ரயிலில் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். செம்பூரில் இறங்கும்போது ஒரு வரிகூட ஞாபகமில்லை.

பெண்ணின் அப்பா கதவைத் திறந்தார். "விசாரிக்க வந்தியா? நல்ல மனசுப்பா. உட்காரு."

காப்பி வந்தது. குடித்தேன். இன்னொன்று வந்தது. அதையும் குடித்தேன். மூன்றாவதும் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"சார்... பாதிக் கூலி..."

அப்பா எழுந்தார். நானும் எழுந்தேன், வாசலைப் பார்த்து.

"அவர் கேட்கறது நியாயம்ப்பா." உள்ளேயிருந்து கல்யாணப் பெண் சரோஜா வந்தாள். ஆபீஸில் டைப்பிஸ்ட். "நமக்காக வேற வேலையை விட்டிருக்கார். கொடுத்துடலாம். ஆனா பாதிக் காசுக்குப் பாதி போட்டோவாவது எடுக்கணும்."

(காமிரா கையில்தான் இருந்தது. கடையில் திருப்பிக் கொடுக்கக் கொண்டு வந்திருந்தேன்.)

அழுத கண்ணோடு அம்மா, பல்லைக் கடித்தபடி அப்பா, கை கட்டிய மாமா. நடுவில், கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற சரோஜா மட்டும் சிரித்துக்கொண்டு. பதற்றத்தில் பழக்கதோஷம் முந்திக்கொண்டது. "எல்லாரும் கொஞ்சம் சந்தோஷமா இருங்கோ!" என்றேன். மாமா என்னை நோக்கி ஓரடி வைத்தார். அவசர அவசரமாக எடுத்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

குர்லாவில் ரயில் மாறும்போதுதான் உறைத்தது. காமிராவில் பிலிமே இல்லை.

எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்தேன். திரும்பிப் போய்க் காசை நீட்டி, விஷயத்தைச் சொன்னேன்.

அப்பா என்னையே பார்த்தார். "நாங்க கான்சல் பண்ணினா நாங்க பாதி தரணும். நீ கான்சல் பண்ணினா?"

அதுவரை அழுதுகொண்டிருந்த அம்மா குபீரென்று சிரித்துவிட்டார். சரோஜா தீர்ப்புச் சொன்னாள்: "என் கல்யாணம் எப்ப நடந்தாலும் இவர் ஓசியில எடுக்கணும்."

நடந்தது. கூட வேலை பார்த்தவரோடு, ஸ்கூட்டர் இல்லாமல். தாலி கட்டி முடிந்ததும் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பிலிம் போட்டிருக்கியாப்பா?" என்று கேட்டவர், நான் பதில் சொல்வதற்குள் காமிராவின் பின்பக்கத்தைத் திறந்தே பார்த்துவிட்டார். பிலிம் இருந்தது. வெளிச்சம் பட்டு, அதுவரை எடுத்ததெல்லாம் போயிற்று.

சரோஜா வீட்டுக் கல்யாண ஆல்பம் சாப்பாட்டுப் பந்தியில்தான் ஆரம்பிக்கிறது. "தாத்தா தாலி கட்டினதுக்கு ஆதாரம் எங்கே?" என்று பேரக்குழந்தைகள் கேட்டால், "அந்த போட்டோ தாத்தாவைப் போய்க் கேளுங்கோ" என்று இன்றைக்கும் என் பக்கம் கை காட்டுகிறாள்.