மச்சினன் நடந்த என் முப்பதாவது நாள்

என் வாழ்க்கையில் ஒரு காரியத்தை முப்பது நாள் விடாமல் செய்தது ஒரே ஒரு முறைதான். அதிலும் முப்பதாவது நாளை எனக்காக என் மச்சினன் செய்தான். (முதல் இருபத்தொன்பதில் நாலைந்து நாள், பல் துலக்கும்போது கையை வேகமாக ஆட்டிச் சேர்த்தது. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.)

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். கூடவே ஃபோனுக்கு ஒரு ஆப் வந்தது. செயற்கை நுண்ணறிவாம். சாப்பாட்டைப் படம் எடுத்துக் காட்டினால் என்ன சாப்பிடுகிறோம் என்று அதுவே கண்டுபிடிக்கும். ஒரு கறி விருந்தில் இலையோடு படம் எடுத்துக் காட்டினேன். "பெரிய அளவில் கீரை உணவு. அருமை!" என்றது. வாழையிலையையும் சேர்த்து மென்றுவிடுவேன் என்று நினைத்துக்கொண்டது போல. இப்படிப் பாராட்ட எனக்கு வீட்டில் ஆளில்லை. விழுந்துவிட்டேன்.

முதல் மாதம் எல்லாவற்றையும் இலவசமாகக் காட்டியது. இரண்டாம் மாதம் திரை மங்கியது. "உங்கள் தூக்கத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று தெரிகிறது. அறிய, சந்தா செலுத்துங்கள்." ஜாதகத்தைப் புரட்டிவிட்டு, "ஒண்ணு இருக்கு..." என்று இழுத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களாவது எதிரே இருப்பவன் முகம் வெளுத்தால் கொஞ்சம் குறைத்துச் சொல்வார்கள். இதற்கு முகம் ஏது? சந்தா கட்ட மனமில்லை. அந்த 'ஒன்று' என்னவென்று தெரியாமல் தூக்கமும் இல்லை. (ஆக, தூக்கத்தில் கோளாறு என்று அது சொன்னது உண்மையாகிவிட்டது.)

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். முப்பது நாள் தொடர்ந்து பத்தாயிரம் ஸ்டெப் நடந்தால் ஓராண்டுச் சந்தா இலவசம். ஒரு நாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து.

முப்பதாவது நாள், கீரமங்கலத்தில் என் கடைக்குட்டித் தங்கையின் மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அன்று முழுக்க என் வேலை.

அந்த மண்டபத்தில் ஓயாமல் நடக்கப்போகிறவன் ஒருவன்தான்: என் மனைவியின் தம்பி பழனிவேல். எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் காலை டிபனுக்குச் சாம்பார் வாளி, மதியப் பந்திக்கு ரச வாளி, இரண்டும் அவன் கையில்தான். காலையிலேயே கடிகாரத்தை அவன் மணிக்கட்டில் கட்டினேன்.

"என்ன மச்சான், எனக்குச் சீரா?"

"சாயங்காலம் திருப்பிக் குடுத்துரு மாப்ள. ஒங்க அக்காட்ட சொல்லாத."

"நடக்குறது நானு, ஒடம்பு எளைக்கிறது ஒங்களுக்கா? நல்லா இருக்கே!"

நல்ல நேரம் நண்பகலை ஒட்டி வாய்த்ததால் பந்தி முன்னதாகவே தொடங்கிவிட்டது. ஆசாரி பிள்ளையின் இடது காதில் ஊசியை வைத்த அந்த நொடியில், கையில் என் ஃபோனோடு மனைவி ஓடி வந்தாள். (வேட்டியில் பையில்லை என்று அவளிடம்தான் கொடுத்து வைத்திருந்தேன்.)

"ஏங்க! நெஞ்சு வலிக்குதா?"

நான் திடுக்கிட்டு அசைய, ஊசி தன் வேலையைச் சற்றுச் சாய்வாக முடித்தது. பிள்ளை வீறிட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லையே."

"ஃபோன் சொல்லுதே!"

இதயத் துடிப்பு சீராக இல்லை என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. கீழே, முழு விவரம் அறியச் சந்தா. வீட்டில் தீ என்று கத்திவிட்டு, எந்த அறையில் என்று கேட்டால் கட்டணம் கேட்பது மாதிரி.

அவள் பார்வை என் வெறும் மணிக்கட்டில் வந்து நின்றது. "வாட்ச் எங்க?"

"சார்ஜ்ல போட்டிருக்கேன்."

"சார்ஜருக்கு நெஞ்சு துடிக்குமா?"

சுற்றிலும் உறவுக்கூட்டம். உண்மையைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆயிற்று. பந்தியில் ஒருவன் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டிருக்க, நான் இங்கே என் மானத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் படித்த புத்தகங்களில் ஒன்றுகூட அந்த அரை நிமிஷத்தில் துணைக்கு வரவில்லை.

"பழனி கையில," என்றேன்.

அவளுக்கு ஒரே தம்பி. என்னைத் திட்டக்கூட நிற்காமல் ஓடினாள். பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு நானும் ஓடினேன்.

பந்தி நடுவே வாளியோடு நின்றான், சட்டை தொப்பலாக நனைந்து. என்னைக் கண்டதும் பெருமையாகக் கையைத் தூக்கினான். "மச்சான், ஒம்பதாயிரம் தாண்டிருச்சு! இன்னும் ஒரு பந்திதான்!"

"வாளியக் கீழ வைடா," என்றாள் அக்கா.

"அங்கிட்டு ஒரு வரிசைக்கு ரசம் போகலக்கா."

"வைடாங்கிறேன்ல!"

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போதுதான் சொன்னான். "ரெண்டு மாசமா மாடி ஏறுனா மூச்சு வாங்குது. கேஸ் டிரபிள்னு நெனச்சேன்."

"யார்ட்டயாச்சும் சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"கேட்டாத்தானே மச்சான் சொல்றது."

யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் அவனிடம் கேட்டதெல்லாம் ரசம்தான்.

அவனை உள்ளே கொண்டுபோனபோது கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். கட்டிக்கொண்டு வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பயத்தில் நடந்தது, வேறு எண்ணமில்லை. துடிப்பு தாளம் தப்பியிருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை போதும், நல்லவேளை வந்தீர்கள் என்றார் டாக்டர். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றும் கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்தேன்.

அவர் அந்தப் பக்கம் போனதும் கடிகாரம் அதிர்ந்தது. பத்தாயிரம். ஃபோன் திரையில் வாணவேடிக்கை. ஓராண்டுச் சந்தா இலவசம். மங்கல் விலகி, என் தூக்கத்தில் இருந்த அந்த 'ஒன்று' தெளிவாகத் தெரிந்தது: நீங்கள் குறட்டை விடுகிறீர்கள்.

"இதத்தானே இருவது வருசமா ஓசியில சொல்லிட்டிருக்கேன்," என்று சிரித்தாள் மனைவி. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் பழனி வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக, "மூச்சு வாங்குதா மாப்ள?" என்று கேட்டுவிடுகிறேன். "சந்தா கட்டுங்க மச்சான், சொல்றேன்," என்கிறான்.

மிச்சமிருந்த வலது காதுக்கு ஒரு மாதம் கழித்து நாள் பார்த்தார்கள். புது வேட்டியோடு போய் நின்றேன். "நடக்குறதுக்கு ஆள் வச்சீங்கள்ல அண்ணே? உக்கார்றதுக்கும் அவரையே வச்சுக்கிறோம்," என்றுவிட்டாள் தங்கை. முறை தெரிந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பழனிவேல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

பிள்ளைக்கு இப்போது பேச்சு நன்றாக வந்துவிட்டது. அவளுக்கு இடது தோடு கொஞ்சம் சாய்ந்திருக்கும், வலது தோடு நேராக நிற்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்து நிறுத்தி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுகிறாள்.

"இது மாமா காது. இது ரச மாமா காது."