தொப்பியில் ஏறிய மலை எலி

எலியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று முப்பத்திரண்டு வயதுவரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். மலேசியாவில், மலாக்காவின் அலோர் காஜாவில் கரையான், கரப்பான், எலி ஒழிக்கும் தொழில். தஞ்சோங் கிளிங் வரைக்கும் என் போன் நம்பர் ஒட்டாத சாப்பாட்டுக் கடை குறைவு. என் தொப்பியின் முன்பக்கம் ஓர் எலிப் படம், அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. (நானே வரைந்தது. எலி கொஞ்சம் பூனை மாதிரி இருக்கும். யாரும் சொல்லிக்காட்ட வேண்டாம்.)

தங்கை கவிதா அப்போது பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆராய்ச்சி, உயர்ந்த மலைக்காட்டில் மட்டும் வாழும் ஒரு சுண்டெலியைப் பற்றி. லத்தீனில் அதற்குப் பெயர் உண்டு, தமிழில் கிடையாது. கேமரன் மலைப் பக்கம் ஒரு சிகரத்தில் அது இருக்கிறது என்றாள் இவள். இல்லை என்றார் அவளுடைய பேராசிரியர். கடைசியாக ஒரு தடவை போய்த் தேடு, ஆதாரம் கிடைக்காவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள் என்றும் சொல்லிவிட்டார். அவளுடைய இரண்டு வருஷ உழைப்பு அந்த ஒரு பயணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கூடப் போகவேண்டிய தோழிக்கு டெங்கி வந்துவிட, அம்மா என்னைப் பிடித்து அனுப்பினார்.

"நீ சாமான் தூக்குனா போதும்ணே. கூண்டுல மட்டும் கை வைக்காத லா," என்றாள் கவிதா.

"யாரப் பாத்து சொல்ற? நான் பாக்காத எலியா?"

மலாக்காக்காரனுக்கு மேடு என்றால் மேம்பாலம்தான். ஆறு மணி நேரம் ஏறி மேலே போனபோது என் நாக்கு வெளியே தள்ளியிருந்தது. ஆனால் நிமிர்ந்து பார்த்ததும் களைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மரம், வேர், கல், எல்லாவற்றின்மேலும் விரற்கடை உயரத்துக்குப் பச்சைப் பாசி. மேகம் எங்களுக்குக் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. சத்தமாகப் பேசவே எனக்குக் கூச்சமாக இருந்தது. (என் மனைவி இதை இன்றுவரை நம்பவில்லை.)

எலிக்குக் காயம் படாத கூண்டுகள் முப்பதை வரிசையாக வைத்தோம். உள்ளே பீனட் பட்டரும் ஓட்ஸும் பிசைந்த உருண்டை. மூன்று நாள் காலையில் போய்ப் பார்த்தோம். முப்பதும் காலி.

மூன்றாம் நாள் மாலை கவிதாவுக்குக் கால் பிசகிக்கொண்டது. மறுநாள் நாங்கள் இறங்கவேண்டும். புது உருண்டைகளை என்னிடம் கொடுத்து, மாற்றி வைத்துவிட்டு வரச் சொன்னாள். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. நாங்கள் வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டில் அப்பா காலத்திலிருந்து எலிக்கூண்டுக்கு ஒரே இரைதான்: சுட்ட கருவாடு. சாப்பாட்டுக்கென்று அம்மா கட்டிக் கொடுத்த கோலா சுங்கை பாரு கடற்கரைக் கருவாடு என் பையில் இருந்தது. வெள்ளைக்காரச் சாப்பாடு வைத்தால் எந்த எலி வரும்? ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்று கவிதாவிடம் சொல்லிக் கூடாரத்து அடுப்பில் வாட்டி, துண்டு துண்டாக்கி, இருபத்தொன்பது கூண்டில் வைத்தேன். முப்பதாவது கூண்டு செங்குத்தான சரிவின் உச்சியில் இருந்தது. மழை வேறு, அட்டை வேறு. நான் போகவில்லை.

"முப்பதும் ஆச்சா?"

"ஆச்சு லா."

விடிந்ததும் கவிதா நொண்டிக்கொண்டே முன்னால் போனாள். முதல் கூண்டு தலைகீழாகக் கிடந்தது. இரண்டாவது நசுங்கியிருந்தது. ஐந்தாவது ஓடையில் மிதந்தது. ஏதோ ஒரு முசாங், மரநாய், வரிசையாகப் பந்தி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. கவிதா ஒரு கூண்டை எடுத்து மோந்து பார்த்தாள்.

"அண்ணே, இது என்ன வாடை?"

"கருவாடு."

திட்டியிருந்தால் தேவலை. அவள் ஈரமான ஒரு வேரின்மேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு சின்னவனாக உணர்ந்ததில்லை.

"முப்பதாவது கூண்டுக்கு நான் போகவே இல்ல," என்றேன். "ஏற சோம்பலா இருந்துச்சு. பழைய உருண்டைதான் இருக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சரிவில் அவளைப் பாதி தூக்கிக்கொண்டுதான் ஏறினேன். கூண்டின் கதவு மூடியிருந்தது.

உள்ளே அது உட்கார்ந்திருந்தது. என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். மேலே சாம்பலும் பழுப்புமாகக் கனத்த ரோமம், கீழே பால் வெள்ளை வயிறு, உடம்பைவிட நீண்ட வால். மீசையில் பனித்துளி. பத்து வருஷமாக எலி பிடிக்கிறவன், ஓர் எலியின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. பயப்படவே இல்லை.

"பைக்குள்ள மாத்தணும். நீ தள்ளு, நான் செய்றேன்," என்றாள் கவிதா.

"எனக்குத் தெரியாததா?" என்று கதவைத் திறந்தேன். (ஆமாம், மறுபடியும்.)

அது என் கைவழியே ஓடி, தோளைத் தாண்டி, தொப்பியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அசையாத!" என்று கிசுகிசுத்த கவிதா போனைத் தூக்கினாள்.

நான் சிலையானேன். கழுத்தில் ஓர் அட்டை ஏறியது. ஏறட்டும் என்று விட்டேன். தலைக்குமேல் கனமே தெரியவில்லை. அது முகம் கழுவிக்கொண்டிருந்ததாம். நான் அதைப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. நான் பார்த்ததெல்லாம் தங்கையின் முகத்தை. வாய் திறந்து, கண்ணீர் வழிய, சிறுபிள்ளைபோல் நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க அந்த மலையில் இன்னும் பத்துத் தடவை ஏறலாம். பிறகு அது ஒரு கிளைக்குத் தாவி, பாசிக்குள் மறைந்துவிட்டது.

அளவும் எடுக்கவில்லை, எடையும் பார்க்கவில்லை. படம் மட்டும்தான் மிச்சம். ஆனால் பேராசிரியர் மறுக்க முடியாத படம். பல்கலைக்கழக அரங்கத்தில் கவிதா ஆய்வை விளக்க அதைத் திரையில் போட்டபோது, அரிய எலி கம்பீரமாக மேலே. அதன் காலடியில், சிவப்புப் பெருக்கல் குறி போட்ட என் எலி. ஐந்து நிமிஷம் சிரிப்பு அடங்கவில்லையாம். தலைப்பு மாறவில்லை, பட்டமும் கிடைத்தது.

இப்போதும் விநாயகர் சதுர்த்தியன்று அம்மா மூன்று தட்டில் கொழுக்கட்டை எடுத்து வைப்பார். முதல் தட்டு பிள்ளையாருக்கு. இரண்டாவது, பிள்ளையாரின் வாகனத்துக்கு.

"மூணாவது, அந்த வாகனத்தோட வாகனத்துக்கு," என்று சொல்லிக் கவிதா என் கையில் கொடுப்பாள்.