ஏழாம் கேள்விக்கு விடை

"முன்னர்ப் பணியில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானதுண்டா?" என்று படிவத்தின் ஏழாம் கேள்வி வினவியது. "உண்டு. எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை" என்று எழுதிய மரினுஸ், மெய்யுரைக்கும் துணிவைத் தந்த ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

அவர் ஸீலாந்து மாகாணத்தில், படகுகளுக்கு வழிவிடக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குபவர். இனி அப்பணியை எங்கிருந்தோ ஒரு கணினி செய்யும். மாத இறுதியோடு வேலை போகிறது. மிடில்பர்க் நகரில் இன்னும் ஆள் இயக்கும் ஒரேயொரு பாலத்துக்கு இந்தப் படிவம் கேட்டிருந்தார்கள். ஐம்பத்தாறு வயதில் வேறு யார் அழைப்பார்கள்?

மனைவி யாகோமினா படிவத்தை வாங்கிப் பார்த்தாள். "ஏங்க, குடிச்சிட்டு வேலைக்குப் போய் மாட்டின மாதிரியில்ல இருக்கு?"

அவளுக்கும் நன்றி கூறி, "குடித்திருக்கவில்லை" என்று சேர்த்தார்.

"கேக்காமலே சொன்னா சந்தேகம்தான் வரும். என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க."

செய்தது இதுதான்: படகு கடந்த பின்னும் பாலத்தை இறக்காமல், எடுத்த வேதாகமச் சங்கீதத்தைக் கடைசி அடிவரை பாடி முடித்தார். அவர் சபையில் அசைக்கு ஒரு மூச்சாக இழுத்துப் பாடுவது வழக்கம். வண்டிகள் பத்தொன்பது நிமிடம் நின்றன. வேலையைப் பறிக்காமல் எச்சரிக்கையோடு விட்ட அதிகாரியை ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்னும் வாழ்த்துவார்.

"பாடிக்கொண்டிருந்தேன்" என்று எழுதினார்.

யாகோமினா முதலிலிருந்து வாசித்தாள். "குடிக்கல, பாடிக்கிட்டிருந்தேன். இதுக்குக் குடிச்சேன்னே எழுதியிருக்கலாம்."

எழுதியதை அடித்தால் மறைத்ததாகும் என்று அஞ்சி, அவர் அப்படியே அனுப்பிவிட்டார்.

வியாழன் காலை வரச்சொல்லித் தொலைபேசி வந்தது. விசாரிக்கவேனும் அழைத்தார்களே என்று நன்றியோடு போனார். அறையில் குறிப்பேடும் பென்சிலுமாக ஒருத்தி காத்திருந்தாள். நிற்கச் சொன்னாள், நின்றார். வலக்கையைத் தூக்கச் சொன்னாள். சத்தியம் செய்யும் முறைப்படி இரு விரல்களை உயர்த்தினார்.

"ஆண்டவர் அறியச் சொல்றேம்மா. அந்த ஒரு தடவை மட்டுமில்ல. இன்னும் மூணு தடவை பாடி முடிச்சுட்டுத்தான் இறக்கினேன். யாரும் பார்க்கல."

அருகில் வந்து அவர் தோளிலிருந்து மணிக்கட்டுவரை எதையோ பிடித்துப் பார்த்தவள், "அறுபத்திரண்டு" என்று குறித்துக்கொண்டாள்.

"மூணுதாம்மா. அறுபத்திரண்டெல்லாம் சத்தியமா இல்ல."

அவள் பென்சிலைக் காதில் செருகினாள். "அது உங்க கை நீளம், ஐயா, நான் சீருடை தைக்கிறவ. அந்தக் கேள்விக்கு உள்ளதை எழுதினவர் நீங்க ஒருத்தர்தானாம், திங்கட்கிழமையே உங்களை வேலைக்கு எடுத்துட்டாங்க."