என் சர்க்கரைக்கு அவர் நடந்த நடை

முருகனை ஏமாற்றிவிடலாம், ரத்தத்தை ஏமாற்ற முடியாது. அதைக் கண்டுபிடித்தவள் நான்தான். (எனக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல எழுதும் பேத்தி இப்பவே சிரிக்கிறா பாரு!)

எங்கள் ஊர் டாக்டரம்மா சின்னப் பெண். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சக்கரை இன்னும் வரல பாட்டி, வாசப்படியில நிக்குது. தெனமும் அரை மணி மரம் செடி நடுவுல நடங்க, திரும்பிப் போயிடும். இல்லன்னா ஆயுசுக்கும் மாத்திரைதான்."

மாத்திரை என்றால் எனக்கு வேப்பங்காய். ஆகவே மறுநாள் காலையிலேயே வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு முருகன் கோயில் மலைப் படிக்கட்டுக்குப் போனேன். பத்தாவது படியில் முட்டி முனகியது. அடிவாரத்தில் வேப்பமரம், அதன் கீழே வடைக்கடை. (அந்த மசால்வடை வாசனை இருக்குதே, அது ஆளைக் கையப் புடிச்சி இழுக்கும்.)

"யோவ், எனக்கோசரம் நீ ஏறிட்டு வா."

"நோவு உனுக்கு, நட எனுக்கா?"

"நான் வேண்டிகினதுக்கு நீதான மொட்ட போட்டுகின? அது மட்டும் செல்லுச்சா?"

மூன்று முறை அவர் தலைமுடியை முருகனுக்குக் கொடுத்திருக்கிறேன். 'உன் தலை எங்கே?' என்று முருகன் ஒருமுறையும் கேட்டதில்லை. மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மூன்று மாதம் தினமும் ஏறினார். குயில் கூவியது, காற்று வந்தது என்று இறங்கி வந்து கதை சொல்வார். நான் மரத்தடிக் காற்று வாங்கியபடி இரண்டாவது வடையை முடித்திருப்பேன்.

மறுபடி பரிசோதனை. டாக்டரம்மா அவரையும் பார்த்தாள்.

"தாத்தா, பிரஷர் சூப்பரா எறங்கியிருக்கு. மாத்திரைய பாதியாக்கிடலாம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாட்டி, வாசப்படியில நின்னது உள்ள வந்து பாய் போட்டு படுத்துகிச்சே! நெசமா நடந்தீங்களா?"

"ஆங்... நடையெல்லாம் நடந்துதும்மா."

"நான்தாம்மா நடந்தேன், மொட்ட போட்ட மாதிரி!" என்று போட்டுக்கொடுத்தார் பாவி மனிதர்.

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்காவது இருமல் வந்தால், "கஷாயத்த யாரு குடிக்கிறது, தாத்தாவா?" என்று கேட்கிறான் என் மகன். மாத்திரையையும் முழுங்கிவிட்டு, தினமும் படியேறுகிறேன். பத்தில் நின்றவள் இப்போது நூறு படி தாண்டிவிட்டேன். குயில் நிஜமாகவே கூவுகிறது.

நேற்று பாதியில் நின்று கீழே பார்த்தேன். வேப்பமரத்தடியில் அவர், கையில் வடை.

"இன்னாய்யா பண்ற?" என்று கத்தினேன்.

வடையை உயர்த்திக் காட்டினார். "உனுக்கோசரந்தாம்மே துன்றேன்!"