ஆறாம் கொட்டடி இருமல்

மதிப்பிற்குரிய ஜெயில் டாக்டர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் ஜெயிலில் வார்டராக இருப்பவளின் பாட்டி வணங்கி எழுதுவது. தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணினாலும் விஷயம் கோணாது.

என் பேத்தியின் சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று போன வாரம் நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள். அந்தத் தாளைக் குவார்ட்டர்ஸில் பதினோரு வீட்டுக்கும் படித்துக் காட்டினேன். இப்போது என்னடாவென்றால் இன்னொரு டப்பாவைக் கொடுத்து, மறுபடியும் துப்பிக் கொண்டுவரச் சொன்னீர்களாம். ஐயா, அது கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு வருகிற நோய். இவள் சாவி வைத்திருக்கிற பக்கம். இந்த மாதம் தலைமை வார்டர் பதவி உயர்வுப் பட்டியல் வேறு வருகிறது. இந்த நேரத்தில் பெயரில் ஒரு கோடு விழுந்தால் நன்றாகவா இருக்கும்?

இருமல் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது அவளுடையது இல்லை. ஆறாம் கொட்டடியில் ஒரு கைதிக் கிழவி இருந்தாளே, குட்டையாக மூன்று, நீளமாக ஒன்று என்று இருமுவாளாம். அதை வைத்தே அவள் எந்த மூலையில் இருக்கிறாள் என்று வார்டர்கள் சொல்லிவிடுவார்களாம். மழைக்கு ஜன்னலையெல்லாம் அடைத்து அறுபது பேரைப் பூட்டுகிற இடம், காலையில் கதவைத் திறந்தால் யாரோ முகத்துக்கு நேரே நின்று மூச்சு விட்ட மாதிரி வெதுவெதுவென்று அடிக்குமாம். கிழவி செத்து நாற்பது நாளாகிறது. போன திங்கட்கிழமை நான் அடுப்படியில் இருக்கிறேன், கூடத்தில் குட்டையாக மூன்று, நீளமாக ஒன்று. கரண்டியும் கையுமாக ஓடிப் பார்த்தால், என் பேத்தி கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருக்கிறாள்.

"யாருடி இருமினது?"

"நான்தான் பாட்டி. வேற யாரு இருக்கா இங்க?"

"உன் இருமல் மாதிரி இல்லையே."

"இருமல்ல பேரா எழுதி ஒட்டியிருக்கு?"

சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அது மறுபடி வந்தது. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு வார்டரம்மாவுக்கும் அதே மூன்று, அதே ஒன்று. எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ பதில் சொல்கிற மாதிரி இன்னொன்று. கிழவியை வெளியே அனுப்பியாயிற்று என்று கையெழுத்துப் போட்டீர்களே, ஒழுங்காக எண்ணித்தான் அனுப்பினீர்களா? எனக்கென்னவோ அவள் எங்கள் தெருவில் வீடு வீடாக வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. அந்தக் கொட்டடி ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், அவளும் போய்ச் சேரட்டும். டப்பாவை இத்துடன் காலியாகவே திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் கைராசி ஓங்கட்டும். உங்கள் பிள்ளைகள் நெஞ்சில் சளி கட்டாமல் நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைமை வார்டராகப் போகிறவளின் பாட்டி

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுமுன், துவைக்கப்போட அவள் தலையணை உறையை உருவினேன். அடிப்பக்கம் மடித்து மறைத்த இடத்தில் ரத்தம். ஐயா, போன தடவை டப்பாவில் வந்தது என் சளி. அவளுடையதைக் கொட்டிவிட்டு நான் துப்பி மூடினேன். பட்டியல் வந்துவிடட்டும் என்றுதான். அவளுக்குத் தெரியாது. உங்கள் தாளை நம்பி இன்றைக்கும் வேலைக்குப் போயிருக்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அவளை உடனே கூப்பிட்டு, உங்கள் கண்ணெதிரே துப்பச் சொல்லுங்கள். நானும் கூட வருகிறேன் என்று வாசலில் வந்து நிற்பேன். உள்ளே விடாதீர்கள்.